யா என்க



தமிழ் வழியில் பள்ளிக் கணக்குப் படித்த எவரும் ஒரு தொடரைப் பலநூறு முறை எழுதியிருப்பார்: 'தேவையான எண் எக்ஸ் என்க.' பிள்ளையார் சுழி போல அது விடைத்தாளின் தலையில் விழும். விழுந்த பிறகு யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த 'என்க' வாழ்க, வருக என்பவற்றின் இனத்தைச் சேர்ந்த வியங்கோள் வினைமுற்று. இன்னும் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகவே வைத்துப் பேசத் தொடங்கு என்று அது மாணவனை ஏவுகிறது. நேரியல் சமன்பாட்டைக் கற்பது என்றால் முதன்மையாக இந்த 'என்க' வரியையும், அதற்கு அடுத்து வரும் சமன்பாட்டு வரியையும் எழுதக் கற்பதுதான். தீர்ப்பது அதன்பின் வரும் சிறிய வேலை. நம் வகுப்பறைகளில் உழைப்பெல்லாம் அந்தச் சிறிய வேலைக்கே போய்விடுகிறது. பத்துச் சமன்பாடுகளை மளமளவென்று தீர்க்கும் பிள்ளை ஒரு வார்த்தைக் கணக்கைக் கண்டதும் பேனாவைக் கீழே வைப்பதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. இன்றைய உரையில் நான் நிறுவ முயல்வது இந்த ஒன்றைத்தான்.

தெரியாததற்குப் பெயர் வைப்பது பெரிய கண்டுபிடிப்பா என்று கேட்கலாம். பெயர் வைக்காமல் கணக்குப் போட்டவர்கள் எங்கே நின்றுபோனார்கள் என்று பார்த்தால் அதன் அருமை தெரியும். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ரைண்ட் பாப்பிரஸ், ஏறக்குறைய கி.மு. 1550இல் அஹ்மஸ் என்ற எகிப்திய எழுத்தர் பழைய சுவடி ஒன்றிலிருந்து படியெடுத்தது. அதன் 24ஆம் கணக்கு இது: ஒரு தொகையும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19, தொகை எவ்வளவு? சுவடி முதலில் தவறான விடை ஒன்றை எடுத்துக்கொள்கிறது. தொகை 7 என்றால், ஏழில் ஒரு பங்கு 1, கூட்டினால் 8. வேண்டியது 19. ஆகவே 8ஐ எத்தனை மடங்காக்கினால் 19 வருமோ, 7ஐயும் அத்தனை மடங்காக்கு. விடை பதினாறும் எட்டில் ஐந்து பங்கும். பாஸ்கரரின் லீலாவதியும் இந்த உத்தியை இஷ்டகர்மம் என்ற பெயரில் கற்றுத்தருகிறது. அழகான உத்திதான்; ஆனால் அது எல்லா இடத்திலும் செல்லாது. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில், டிசைனுக்கும் பிளேட்டுக்கும் 1,500 ரூபாய், அதன்மேல் ஒரு பத்திரிகைக்கு 4 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையில் 3,100 ரூபாய் இருக்கிறது. எத்தனை பத்திரிகை கிடைக்கும்? அஹ்மஸைப் பின்பற்றி 100 என்று தொடங்கினால் 1,900 ரூபாய் ஆகிறது. 3,100ஐ 1,900ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 163 வரும். சரியான விடை 400. நிலைத்த ஒரு செலவு உள்ளே புகுந்தவுடன் மடங்குக் கணக்கு முறிந்துவிட்டது. அன்றாட வாழ்வில் நாம் சந்திக்கும் தொகைகளில் பெரும்பாலானவற்றில் இப்படி ஒரு நிலைத்த செலவு உண்டு. சென்னை ஆட்டோக்களுக்கு 2013இல் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்றுதான் இருந்தது. (மீட்டர் போட்டார்களா என்பது வேறு கதை.)

இந்தியக் கணித நூல்களில் தெரியாத அளவுக்கு வைத்த பெயர் 'யாவத்தாவத்'. எவ்வளவோ அவ்வளவு என்று பொருள். எழுதும்போது முதல் அசையை மட்டும் 'யா' என்று எழுதுவார்கள். இரண்டாவது, மூன்றாவது தெரியாத அளவுகள் வந்தால் அவற்றுக்குக் கறுப்பு, நீலம், மஞ்சள் என்று நிறங்களின் பெயர்கள். யாது, யாவை, யாங்ஙனம் என்று நம் மொழியிலும் 'யா' வினா எழுத்துகளில் ஒன்று; தற்செயலான பொருத்தம்தான். ஆயினும் இந்த அவையில் எக்ஸுக்குப் பதில் யா என்றே எழுதிக்கொள்கிறேன். எக்ஸை அந்த இடத்தில் உட்காரவைத்த தெகார்த்தின் நூல் வந்தது 1637இல். அதற்கு முன்பும் இந்த வேலை நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. 1150ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட பாஸ்கரரின் பீஜகணிதத்தில் ஒரு கணக்கு: ஒருவனிடம் 300 நாணயமும் 6 குதிரைகளும் இருக்கின்றன, இன்னொருவனிடம் 10 குதிரைகள், ஆனால் 100 நாணயம் கடன். இருவர் செல்வமும் சமம். குதிரை விலை என்ன? 300 + 6யா = 10யா − 100. இதற்கான விதியை 499இலேயே ஆரியபட்டர் சொல்லிவிட்டார்: காசின் வேறுபாட்டைப் பொருள்களின் எண்ணிக்கை வேறுபாட்டால் வகு. காசின் வேறுபாடு 400, குதிரைகளின் வேறுபாடு 4, விலை 100. சரிபார்த்தால் இருபக்கமும் 900. ஏறக்குறைய 820இல் பாக்தாத்தில் அல்குவாரிஸ்மி எழுதிய நூலில் ஏறக்குறைய பாதி உயில், பாகப்பிரிவினைக் கணக்குகள். அந்த நூலின் தலைப்பில் இருந்த அல்ஜப்ர் என்ற சொல்தான் அல்ஜீப்ராவாயிற்று. அவர் தெரியாததை வெறுமனே 'பொருள்' என்கிறார். சொத்து, கடன், குதிரை என்று வீட்டு விவகாரங்களுக்குள்தான் இந்தக் கலை வளர்ந்தது.

பாஸ்கரரின் கணக்கில் கூர்ந்து பார்க்க வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. குதிரை விலை தெரியாது. ஆனாலும் இருவரின் செல்வத்தையும் இரண்டு வெவ்வேறு விதமாகச் சொல்லி, இரண்டும் ஒன்றே என்கிறோம். சமன்பாடு என்பது இந்த ஒப்புதல்தான். நம் பிள்ளைகளின் கண்ணில் சமக்குறிக்கு இந்தப் பொருள் இருக்கிறதா? இங்கிலாந்தில் ராபர்ட் ரெக்கார்ட் 1557இல் இரண்டு இணைகோடுகளைச் சமக்குறியாக அச்சிட்டபோது, இவற்றைவிட ஒத்த இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்பதுதான் அவர் சொன்ன காரணம். இன்றைய மாணவனுக்கு அதே குறி 'இதோ விடை வருகிறது' என்ற அறிவிப்பு. அமெரிக்காவில் ஃபால்க்னர், லெவி, கார்ப்பெண்டர் ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், 8 + 4 = □ + 5 என்ற கணக்கு ஆறாம் வகுப்பு மாணவர் 145 பேருக்குத் தரப்பட்டது. கட்டத்தில் 7 என்று எழுதியவர் ஒருவரும் இல்லை. 12 என்று எழுதினார்கள், அல்லது எல்லாவற்றையும் கூட்டி 17 என்று எழுதினார்கள். நம் ஊர்ப் பயிற்சி நோட்டுகளில் இதன் தம்பியைப் பார்க்கலாம். 3யா + 5 = 20 என்பதைத் தீர்க்கும் பிள்ளை ஒரே மூச்சில் 20 − 5 = 15 ÷ 3 = 5 என்று எழுதுகிறது. விடை சரி. ஆனால் எழுதிய வரி பொய்: 20 − 5 ஒருநாளும் 5 ஆகாது. ஆசிரியர் கடைசி எண்ணைப் பார்த்துச் சரி போட்டுவிடுகிறார். 'பக்கம் மாறினால் குறி மாறும்' என்ற வாய்பாடும் இந்த நோயை மறைக்கவே உதவுகிறது. கூட்டல் ஏன் கழித்தலாகிறது, இருபக்கத்திலும் ஒரே காரியத்தைச் செய்ததால்தானே என்ற கேள்வி எழாமலே எண்கள் வேலி தாண்டிக் குதிக்கின்றன.

எழுத்தின் பொருளிலும் இதே சிக்கல் இருக்கிறது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கிளெமெண்ட் முதலாமாண்டுப் பொறியியல் மாணவர் 150 பேருக்கு ஒரு வாக்கியம் கொடுத்தார்: இந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள், இதைச் சமன்பாடாக எழுதுக. தீர்க்க எதுவுமே இல்லை, எழுதினால் போதும். 37 விழுக்காட்டினர் தவறினார்கள். தவறியவர்களில் பெரும்பாலோர் எழுதியது 6மா = பே. அவர்கள் மனத்தில் இருந்த படம் சரியானதுதான்: ஆறு மாணவர், பக்கத்தில் ஒரு பேராசிரியர். அந்தப் படத்தை அப்படியே சுருக்கெழுத்தாக எழுதிவிட்டார்கள். 'மா' என்பது மாணவர் என்ற சொல்லின் சுருக்கம் என்று எண்ணினார்கள். அது மாணவர்களின் எண்ணிக்கை, பெரிய எண், சிறிய எண்ணான பேராசிரியர் தொகையை ஆறால் பெருக்கினால்தான் அதற்கு ஈடாகும் என்பது தோன்றவில்லை. ஆப்பிளுக்கு ஒரு எழுத்து, வாழைப்பழத்துக்கு ஒரு எழுத்து என்று கீழ்வகுப்பில் எளிமைப்படுத்திச் சொல்லித்தருகிறோமே, அந்த எளிமை பத்தாண்டு கழித்து இப்படி வட்டியோடு திரும்புகிறது. 'என்க' வரியில் 'மாணவர் மா என்க' என்று எழுதினால் பாதித் தவறு அங்கேயே நடந்துவிட்டது. 'மாணவர்களின் எண்ணிக்கை மா என்க' என்றுதான் எழுத வேண்டும். ஒரு சொல் கூடுதல். அதற்காக மதிப்பெண் குறைப்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை.

இங்கே முதல் மறுப்பு வரும். காய்கறிக்காரர், கொத்தனார், பூக்கட்டுபவர் எவரும் எழுத்தை வைத்துக் கணக்குப் போடுவதில்லையே, அவர்கள் பிழைப்பு நடக்கவில்லையா? இது வலுவான மறுப்பு. பிரேசிலின் ரெசிஃபெ நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த ஐந்து சிறுவர்களை ஆராய்ந்து டெரெசின்யா கராஹெரும் சகாக்களும் 1985இல் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. வாடிக்கையாளர் போல நின்று கேட்டபோது சிறுவர்கள் 98.2 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். அதே எண்களை வார்த்தைக் கணக்காகத் தந்தபோது 73.7, வெறும் எண் கணக்காகத் தந்தபோது 36.8. ஒரு தேங்காய் 35 குருசெய்ரோ என்றால் பத்துத் தேங்காய்க்கு, பக்கத்தில் பூச்சியம் சேர்க்காமல், மூன்று 105, இன்னும் மூன்று 210, அப்புறம் 315, கடைசியில் 350 என்று ஒரு சிறுவன் கூட்டிச் சொன்னான். கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகளை வைத்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் 2025இல் வெளியிட்ட ஆய்வும், சந்தைக் கணக்கும் பள்ளிக் கணக்கும் ஒன்றுக்கொன்று கைகொடுப்பதில்லை என்றே காட்டுகிறது. பள்ளிக் கணக்கில் தேறும் பிள்ளைகளும் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். ஆகவே சூழ்நிலையில் அறிவு ஏற்கெனவே இருக்கிறது, அதைப் பள்ளி கண்டுகொள்வதில்லை என்ற குற்றச்சாட்டை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அங்கேயே நின்றுவிட முடியாது. தேங்காய் விற்ற அந்தச் சிறுவனின் கணக்கு, விலையும் எண்ணிக்கையும் தெரிந்து முன்னோக்கிப் போகும் கணக்கு. வாழ்க்கை பல நேரம் பின்னோக்கிக் கேட்கிறது.

தண்டல் கடன் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டால், 15 விழுக்காட்டை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு கையில் 8,500 தருவார்கள். நாளொன்றுக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். இத்தகைய வசூல்களைத் தடுக்கத் தமிழ்நாடு 2003இல் இயற்றிய சட்டம் தண்டல் என்ற சொல்லையே பெயர் சொல்லி வரையறுக்கிறது. ஆனாலும் கடைவீதிகளில் அது ஓய்ந்துவிடவில்லை. இப்போது ஒரு தாய்க்கு மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கையில் முழுசாக 10,000 வேண்டும். எவ்வளவுக்குக் கையெழுத்துப் போட வேண்டும்? 15 விழுக்காடு பிடிக்கிறார்கள், ஆகவே 1,500 சேர்த்து 11,500 என்பார் அவர். பிடித்தம் 1,725 போகக் கையில் வருவது 9,775. 225 குறைகிறது. சரி, அதையும் சேர்த்து 11,725 என்றால் வருவது 9,966 ரூபாய் 25 காசு. இன்னும் 33 ரூபாய் 75 காசு குறைகிறது. துரத்தத் துரத்த இடைவெளி சிறிதாகும், ஆனால் மறையாது. அவர் கூட்டலில் ஒரு பிழையும் இல்லை. பிடித்தம் எந்தத் தொகையின்மேல் என்பதுதான் கைநழுவியது: கையில் வாங்கும் 10,000இன்மேல் அல்லாமல், இன்னும் தெரியாத கையெழுத்துத் தொகையின்மேல் பிடிக்கிறார்கள். தெரியாத ஒன்றின் மீது 15 விழுக்காட்டைக் கணக்கிட வேண்டுமானால் அதற்கு முதலில் பெயர் வேண்டும். கையெழுத்துத் தொகை யா என்க. யாவில் நூற்றுக்கு 85 பங்கு கையில் வரும், அது 10,000. ஆகவே யா ஏறக்குறைய 11,765. இந்த ஒரு வரியை எழுதியவருக்கு இன்னொன்றும் கண்ணில் படும். 8,500 வாங்கி 10,000 கட்டுவது என்றால், வாங்கிய பணத்தின்மேல் அது 15 விழுக்காடு இல்லை, 17.6ஐத் தாண்டுகிறது. அதுவும் மூன்றரை மாதம்கூட முடியாமல், தினமும் அசல் குறைந்துகொண்டே வரும் கடனுக்கு.

அச்சுக்கடைக்குத் திரும்பினால் இன்னொரு வகைப் பின்னோக்கு தெரியும். 1,500 + 4யா = 3,100 என்பதை எழுதாமலே தீர்க்கலாம்: ஆயிரத்து ஐந்நூறைக் கழி, நாலால் வகு. பக்கத்துக் கடையில் டிஜிட்டல் முறையில், நிலைத்த செலவு இல்லாமல், பத்திரிகைக்கு 10 ரூபாய் என்றால், எத்தனை பத்திரிகைக்கு மேல் முதல் கடை லாபம்? 1,500 + 4யா = 10யா. இங்கே கழித்துக்கொண்டே பின்னால் போவதற்கு ஒரு தொடக்க எண்ணே இல்லை. தெரியாதது இரண்டு பக்கமும் நிற்கிறது. எண்கணிதத்திலிருந்து இயற்கணிதத்துக்குப் போகும் வழியில் மாணவர்கள் முறிந்து நிற்கும் இடம் இதுதான் என்று மெக்சிகோவின் ஃபிலோய், ரோஹானோ இருவரும் 1989இல் எழுதினார்கள். கெட்டிக்காரக் கடைக்காரர் 'ஒன்றுக்கு ஆறு ரூபாய் மிச்சம், ஆயிரத்து ஐந்நூறை மீட்க 250 அடிக்க வேண்டும்' என்று வாயாலேயே சொல்லிவிடுவார். அவர் சமன்பாட்டைத் தவிர்க்கவில்லை; 1,500 = 6யா என்பதை எழுத்தில்லாமல் சொல்லியிருக்கிறார். அந்தக் கெட்டிக்காரத்தனம் எல்லோருக்கும் வாய்க்காது. வாய்க்காதவர்களுக்கும் கிட்டும்படி செய்வதற்குத்தான் பள்ளிக்கூடம்.

பயிற்சியைக் குறைத்தால் தேர்வில் மதிப்பெண் போய்விடும் என்பது ஆசிரியர்களின் மறுப்பு. பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தீர்க்கும் வேலை கைப்பழக்கமாகாத பிள்ளைக்கு அமைக்கும் வேலையில் கவனம் நிற்காது என்பது உண்மை. ஆனால் ஐம்பது சமன்பாடுகளைத் தீர்த்த பிறகு ஐம்பத்தொன்றாவது என்ன புதிதாகக் கற்பிக்கிறது? கைபேசியே தீர்த்துத் தருகிறதே, இனி இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களும் என் வாதத்துக்கே வலு சேர்க்கிறார்கள். 11,500 என்ற தவறான தொகையைத் தட்டிப் பிடித்தம் கேட்டால், கருவி 1,725 என்று பிழையில்லாமல் சொல்லும்.

எனக்கே கடினமாகப் படும் மறுப்பு கடைசியானது: உலகம் நேர்கோட்டில் நடப்பதில்லையே. காரி நாயனாரின் கணக்கதிகாரத்தில் ஒரு சூத்திரம் உண்டு. பலாப்பழத்தின் காம்பருகே உள்ள முள்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் உள்ளே இருக்கும் சுளைகளின் எண்ணிக்கை வருமாம். இதுவும் ஒரு நேரியல் தொடர்புதான். தமிழர் பெருமையாக இது மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. பழத்தை வெட்டி எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. ஒரு படி அரிசி இருபது நிமிடத்தில் வெந்தால் பத்துப் படி இருநூறு நிமிடம் கேட்காது. சதுர வயலின் பக்கத்தை இரட்டித்தால் விதைநெல் நான்கு மடங்கு வேண்டும். பெல்ஜியத்தின் லூவன் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் காட்டிவருவதுபோல, மாணவர்கள் மடங்குக் கணக்கைப் பொருந்தாத இடத்திலும் பொருத்துகிறார்கள். இதைவிட விபரீதமானது பிரான்சில், கிரெனோபிளில், 1980ஐ ஒட்டி நடந்தது. ஒரு கப்பலில் 26 செம்மறியாடும் 10 வெள்ளாடும் இருக்கின்றன, கப்பல் தலைவரின் வயது என்ன என்று கேட்டதற்கு, 97 சிறுவர்களில் 76 பேர் கொடுத்த எண்களை வைத்தே ஒரு வயதைச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் முட்டாள்கள் அல்லர். கணக்கு என்றால் கொடுத்த எண்களை ஏதோ செய்து விடை எழுதுவது என்று பள்ளி சொல்லித்தந்ததை அப்படியே செய்தார்கள். 'தலைவரின் வயது யா என்க' என்று எழுதிவிட்டு, யாவைப் பற்றி ஒரு வாக்கியம் சொல் என்று கேட்டிருந்தால், சொல்ல ஒன்றும் இல்லை என்பது அங்கேயே தெரிந்திருக்கும். பலாப்பழச் சூத்திரத்தையும் சமன்பாடாக எழுதிய பிறகுதான் அதைப் பழத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். பொருந்தாத உவமையைக் கண்டுபிடிக்க உவமையை முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டாமா?

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் ஒரு பாடவேளையில் ஐந்து வார்த்தைக் கணக்குகளைக் கொடுங்கள். அவற்றில் ஒன்றைப் போதிய தகவல் இல்லாமல் விடுங்கள். 'என்க' வரியும் சமன்பாடும் எழுதியவுடன் பேனாவை வைத்துவிடச் சொல்லுங்கள். எந்த எண்ணிக்கையை யா என்று வைத்தாய், சமக்குறிக்கு இந்தப் பக்கம் இருப்பது எதன் அளவு, அந்தப் பக்கம் இருப்பது எதன் அளவு என்று ஒவ்வொருவராகக் கேளுங்கள். பிறகு கரும்பலகையில் 1,500 + 4யா = 10யா என்று எழுதி, இதற்கு ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். அன்று யாரும் எதையும் தீர்க்க வேண்டாம்.